மறுமுனைக்குத் தெரியாத ஒரு மில்லி நொடி

300 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு 400 கிலோவோல்ட் லைன். மறுமுனையில் பிரேக்கர், அதாவது லைனை இணைக்கவும் துண்டிக்கவும் உள்ள பெரிய ஸ்விட்ச், திறந்தே இருக்கிறது; லோடு என்று ஒன்றும் இல்லை. இந்த முனையில் பிரேக்கரை மூடுகிறோம். மூடிய அந்தக் கணத்தில் லைனுக்குள் எவ்வளவு கரண்ட் போகும்?

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது என் வழக்கம். "லோடே இல்லையே சார், கொஞ்சம் சார்ஜிங் கரண்ட் மட்டும் போகும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 400 கிலோவோல்ட் என்பது இரண்டு ஃபேஸ்களுக்கு இடைப்பட்ட அளவு. ஒரு ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே உச்ச வோல்டேஜ் 327 கிலோவோல்ட். அந்த உச்சத்தில் பிரேக்கர் மூடினால், 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டியது போல 1,090 ஆம்பியர் உடனே புறப்பட்டுவிடும். மறுமுனை திறந்திருக்கிறது என்ற விஷயம் இந்த முனைக்கு இன்னும் தெரியாது. ஒளியின் வேகத்தில் போனாலும் 300 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மில்லி நொடி வேண்டும். பதில் திரும்பி வர இன்னொரு மில்லி நொடி. அந்த இரண்டு மில்லி நொடிக்கும் மூலத்தைப் பொறுத்தவரை இந்த லைன் வெறும் 300 ஓம்தான்.

இதைத்தான் சர்ஜ் இம்பிடன்ஸ் என்கிறோம். லைனின் இண்டக்டன்ஸைக் கெபாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற பேச்சே இதில் இல்லை. 30 கிலோமீட்டர் லைனும் 300 கிலோமீட்டர் லைனும் முதல் கணத்தில் ஒன்றுபோலவே தோன்றும். நீளம் எங்கே வித்தியாசம் காட்டும் என்றால், அந்தத் தோற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்.

சரி, ஒரு மில்லி நொடி கழித்து அலை மறுமுனையைத் தொடுகிறது. கரண்ட் போக வழி இல்லை, ஆகவே அங்கே அது பூஜ்யமாகியே தீர வேண்டும். அதற்கு ஒரே வழி, அதே அளவு வோல்டேஜ் அலை ஒன்று எதிர்த்திசையில் புறப்படுவது. திறந்த முனையில் வோல்டேஜ் இரட்டிப்பாகிறது: 653 கிலோவோல்ட். திரும்பிய அலை இரண்டாவது மில்லி நொடியில் மூலத்தை அடைகிறது. மூலம் தன் வோல்டேஜை மாற்றிக்கொள்ளாது என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், அலை தலைகீழாகத் திரும்பும். மூன்றாவது மில்லி நொடியில் மறுமுனை வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழும். ஐந்தாவதில் மறுபடி இரட்டிப்பு. நான்கு மில்லி நொடிக்கு ஒரு சுற்று, அதாவது 250 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத்தான் கொடுத்தோம். லைன் தன் நீளத்துக்கு ஏற்ற இன்னொரு அதிர்வைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

நம் கல்லூரிகளில் டிரான்ஸ்மிஷன் லைன் பாடம் ஃபேசர்களில் தொடங்கி ஃபேசர்களிலேயே முடிகிறது. ஃபேசர் என்பது, நிலைபெற்று ஓடும் 50 ஹெர்ட்ஸ் அலையின் உயரத்தையும் கட்டத்தையும் மட்டும் சுருக்கிச் சொல்லும் எண். அனுப்பும் முனை வோல்டேஜும் பெறும் முனை வோல்டேஜும் ஒரே சமன்பாட்டில், ஒரே கணத்தில் கைகோத்து நிற்கும். தினசரி லோடு ஃப்ளோ கணக்குக்கு இது போதும், அதில் தவறே இல்லை. ஆனால் இன்சுலேட்டர் வெடிப்பதும், டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் துளைபடுவதும், பிரேக்கர் விட்ட கரண்ட் மீண்டும் பற்றிக்கொள்வதும் அந்த முதல் சில மில்லி நொடிகளில்தான் நடக்கின்றன. அங்கே ஃபேசர் இன்னும் பிறக்கவே இல்லை. கணத்துக்குக் கணம் என்ன நடக்கிறது என்று பார்க்கும் நேரவழி ஆய்வைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லா ஆட்டமும் அடங்கியபின் மிஞ்சுவதாக ஃபேசர் தானாக வந்து சேரும்.

வரலாற்றிலும் அந்த வரிசைதான். லைனைப் பற்றிய முதல் கணித ஆய்வே நேரத்தைப் பற்றியது. கடலடித் தந்திக் கம்பியில் ஒரு முனையில் தட்டிய துடிப்பு மறுமுனையில் ஏன் இழுபட்டு, மழுங்கி வருகிறது என்ற கேள்விக்கு வில்லியம் தாம்சன் 1855-ல் விடை சொன்னார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான். கம்பியின் ரெசிஸ்டன்ஸையும் கெபாசிட்டன்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உலோகத் தண்டில் வெப்பம் பரவுவது போல மின்சாரம் பரவுகிறது என்று காட்டினார். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு. 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் கம்பியில் விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. வைட்ஹவுஸ் என்பவர், வோல்டேஜை ஏற்றினால் வேகம் கூடும் என்று சுமார் 2,000 வோல்ட்டைக் கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கம்பி, போட்ட சில வாரங்களிலேயே பேச்சு மூச்சில்லாமல் போனது.

தாம்சன் கணக்கில் இண்டக்டன்ஸ் இல்லை. அதைச் சேர்த்தவர் ஆலிவர் ஹெவிசைட். பட்டம் ஏதும் இல்லாத, தந்தி ஆபரேட்டர் வேலையை 1874-ல் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர். இண்டக்டன்ஸ் சேர்ந்ததும் சமன்பாட்டின் இயல்பே மாறிவிட்டது. பரவல் போய் அலை வந்தது. இழப்பு இல்லாத லைனில் அந்தச் சமன்பாட்டுக்கு விடை என்ன என்று டாலம்பேர் 1747-லேயே அதிரும் கம்பிக்காகச் சொல்லி வைத்திருந்தார்: முன்னோக்கி ஓடும் ஓர் அலை, பின்னோக்கி ஓடும் ஓர் அலை, இரண்டின் கூட்டல். வேறு எதுவும் இல்லை. இன்று லட்ச ரூபாய்க் கணக்கில் விலை வைத்து விற்கும் மென்பொருள்களின் உள்ளேயும் இருப்பது இதேதான்.

கணினிக்கு முன்பு இதைக் கையால் வரைந்தார்கள். பியூலி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930-களில் பரப்பிய பின்னல் படம் இன்றும் பாடத்தில் உண்டு. இடமிருந்து வலம் தூரம், மேலிருந்து கீழ் நேரம், நடுவே மோதி மோதித் திரும்பும் சாய்கோடுகள். ஒரு லைன், ஒரு சந்திப்பு என்றால் அழகாக வேலை செய்யும். நாலு சப்ஸ்டேஷன், ஆறு லைன் என்றால் தாள் போதாது, பொறுமையும் போதாது. பெரிய அமைப்புகளுக்கு ஓர் அறை நிறையச் சுருள்களையும் மின்தேக்கிகளையும் அடுக்கி, லைனின் சிறு உருவத்தையே செய்துவைத்து, ஸ்விட்சை மீண்டும் மீண்டும் தட்டி அலையளவியில் பார்த்தார்கள்.

திருப்பம் தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது. நீண்ட குழாயில் வேகமாக ஓடும் நீரை வால்வைப் பட்டென்று மூடி நிறுத்தினால் அழுத்த அலை ஒன்று குழாய் வழியே பின்னோக்கிப் பாயும், குழாயே வெடிக்கலாம். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் பரிசோதனை செய்து ஜுகோவ்ஸ்கி 1898-ல் இதை விளக்கினார். இதற்கு வரைபட முறையில் விடை காணும் வழியை சுவிட்சர்லாந்தின் ஷ்னைடரும், பிரான்சில் நீரியல் பொறியாளரான லூயி பெர்ஜரானும் வளர்த்தார்கள். குழாயில் அழுத்தம், கம்பியில் வோல்டேஜ். குழாயில் நீரோட்டம், கம்பியில் மின்னோட்டம். சமன்பாடு ஒன்றே. பெர்ஜரான் குழாயில் விழும் இந்த அழுத்த அடியில் தொடங்கி மின்னல் அடி வரை ஒரே முறையால் கணக்கிட்டுக் காட்டினார்.

அவருடைய யோசனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. அலையோடு கூடவே, அதே வேகத்தில், கம்பி வழியே ஓடும் ஒரு பார்வையாளரைக் கற்பனை செய்யுங்கள். அவர் போகும் இடமெல்லாம் வோல்டேஜையும் கரண்டையும் அளக்கிறார். வோல்டேஜ் மாறும், கரண்ட் மாறும். ஆனால் வோல்டேஜோடு, சர்ஜ் இம்பிடன்ஸ் பெருக்கல் கரண்ட் என்ற தொகையைக் கூட்டினால் அது மட்டும் மாறவே மாறாது. புறப்பட்டபோது எவ்வளவோ, போய்ச் சேரும்போதும் அவ்வளவே. எதிர்த்திசையில் ஓடுபவருக்கும் இப்படி ஒரு மாறாத தொகை உண்டு. ஆகவே நடுவே 300 கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்று நாம் கவலைப்படவே வேண்டாம். இந்த முனையில் இப்போது என்ன என்று அறிய, மறுமுனையில் ஒரு மில்லி நொடிக்கு முன் என்ன இருந்தது என்று தெரிந்தால் போதும்.

இதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் டாமெல். ம்யூனிக்கில் ஆராய்ச்சி செய்து, பிறகு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பொன்வில் மின் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 1969-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல். லைனுக்கு பெர்ஜரான் முறை. சாதாரணச் சுருளுக்கும் மின்தேக்கிக்கும் சரிவக விதி, அதாவது ஒரு படியின் தொடக்க மதிப்பையும் முடிவு மதிப்பையும் சராசரி எடுத்துக் கணக்கிடும் முறை. இரண்டும் சேர்ந்து ஒரே வடிவத்துக்கு வருகின்றன: ஒவ்வொரு உறுப்பும் ஒரு ரெசிஸ்டர், பக்கத்தில் கடந்த காலத்தைச் சுமக்கும் ஒரு கரண்ட் மூலம். அப்படியானால் எவ்வளவு சிக்கலான அமைப்பும் ஒவ்வொரு நேரப்படியிலும் வெறும் ரெசிஸ்டர் சர்க்யூட் ஆகிவிடுகிறது. ரெசிஸ்டர் சர்க்யூட்டைத் தீர்ப்பது கணினிக்கு எளிது. இஎம்டிபி (எலக்ட்ரோமேக்னடிக் டிரான்சியன்ட்ஸ் ப்ரோக்ராம்) என்று பெயர் பெற்ற அந்த ப்ரோக்ராம் அமெரிக்க அரசு நிறுவனத்தில் வளர்ந்ததால் பல நாடுகளுக்குத் தாராளமாகப் பரவியது. டாமெல் 1973-ல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு பரம்பரையே உருவானது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பைத்தானிலோ வேறெதிலோ நீங்களே எழுதிப் பாருங்கள். நேரப்படி 50 மைக்ரோ நொடி என்று வைத்தால் ஒரு மில்லி நொடி என்பது 20 படி. ஆகவே ஒவ்வொரு முனைக்கும் 20 எண்கள் கொண்ட ஒரு வரிசை போதும். ஒவ்வொரு படியிலும் மறுமுனை வரிசையில் மிகப் பழைய எண்ணை எடுங்கள். அதுதான் இந்த முனையின் கரண்ட் மூலம். இந்த முனையின் ரெசிஸ்டர் சர்க்யூட்டைத் தீர்த்து வோல்டேஜையும் கரண்டையும் கண்டுபிடியுங்கள். வோல்டேஜை 300-ஆல் வகுத்து, லைனுக்குள் போகும் கரண்டைக் கூட்டி, வந்த எண்ணை இந்த முனையின் வரிசைக் கடைசியில் போடுங்கள். அவ்வளவுதான். பிரேக்கர் மூடிய முனைக்கு முதல் 40 படிகளுக்கு மறுமுனை வரிசையிலிருந்து கிடைப்பதெல்லாம் பூஜ்யம், அதனால்தான் லைன் வெறும் 300 ஓமாகத் தெரிகிறது. 300 கிலோமீட்டர் அலுமினியக் கம்பியின் இயக்கம் முழுவதும் 40 எண்களுக்குள் அடங்கிவிடுவதை முதல் முறை பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எந்த மென்பொருளும் தராது.

இந்தத் தாமதம் ஒரு தொல்லை என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது பெரிய கொடை. நேரப்படி பயண நேரத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை, லைனின் இரு முனைகளும் ஒரே படியில் ஒன்றையொன்று பாதிக்க முடியாது. ஆகவே இந்த சப்ஸ்டேஷனை ஒரு ப்ராசஸரும் அந்த சப்ஸ்டேஷனை இன்னொரு ப்ராசஸரும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று காத்திருக்காமல், தீர்க்கலாம். படி முடிந்ததும் ஒரு சில எண்களை மாற்றிக்கொண்டால் போதும். இது தோராயம் இல்லை. இயற்கையே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்த ஆர்டிடிஎஸ் என்ற நிகழ்நேர சிமுலேட்டர் இந்தக் கொடையின் மேல்தான் நிற்கிறது. நெல்சன் ஆற்றின் மின்சாரத்தை சுமார் 900 கிலோமீட்டர் நேர்மின்சார (டிசி) லைனில் கொண்டுவரும் ஊர் அது. அவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். நிஜ உலகில் 50 மைக்ரோ நொடி கழிவதற்குள் 50 மைக்ரோ நொடிக்கான கணக்கு முடிந்துவிட வேண்டும். முடிந்தால், ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் நிஜ ரிலேயையே அதில் மாட்டி, அது உண்மையான லைனில்தான் இருக்கிறோம் என்று நம்பும்படி சோதிக்கலாம்.

கொடைக்கு விலையும் உண்டு. 50 மைக்ரோ நொடியில் அலை 15 கிலோமீட்டர் ஓடிவிடும். அதைவிடக் குட்டையான லைனை இந்தப் படியில் ஓடும் அலையாகக் காட்டவே முடியாது. படியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பை சர்க்யூட் போட வேண்டும், அதாவது லைனை நடுவே ஒரு சுருள், இரு முனையிலும் ஒவ்வொரு மின்தேக்கி என்று சுருக்க வேண்டும். மின்னல் ஆய்வில் 50 மீட்டர் டவரே ஒரு லைன்தான்; அதன் பயண நேரம் 0.17 மைக்ரோ நொடி. அங்கே படி நானோ நொடிக் கணக்குக்கு இறங்கும். பயண நேரம் படியின் முழு மடங்காக இல்லாதபோது இரண்டு பழைய மதிப்புகளுக்கு நடுவே இடைமதிப்பு எடுக்க வேண்டியிருக்கும். அலை மோதும் ஒவ்வொரு முறையும் இது உச்சியைச் சற்றே சீவிவிடும். இல்லாத இழப்பு இருப்பது போல ஆகும். கூர்மையான உச்சங்கள்தான் நம் கவலை என்பதால் இதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பை சர்க்யூட்டைப் பல துண்டுகளாக அடுக்கினால் லைன் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவு ஆகும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கே உரிய ஒரு போலி அதிர்வு உண்டு. 300 கிலோமீட்டரைப் பத்துத் துண்டாக்கினாலும் சுமார் 1,250 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேல் திரையில் தெரியும் நடுக்கம் லைனுடையதா, துண்டுகளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சரிவக விதியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சுருளில் ஓடும் கரண்டைப் பிரேக்கர் வெட்டியதும், ஒவ்வொரு படியிலும் வோல்டேஜ் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும், அடங்காது. 1989-ல் ஹோசே மார்ட்டியும் லின்னும் சொன்ன தீர்வு எனக்கு மிகப் பிடித்தது. துண்டித்த உடனே இரண்டு அரைப் படிகளை மட்டும் படியின் முடிவு மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் பின்னோக்கிய ஆய்லர் விதியால் போடுங்கள், துள்ளல் நின்றுவிடும். அரைப் படியில் ஆய்லர் விதி தரும் ரெசிஸ்டன்ஸும் முழுப் படியில் சரிவக விதி தரும் ரெசிஸ்டன்ஸும் ஒன்றே என்பதால், மேட்ரிக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டிய செலவுகூட இல்லை.

இதுவரை சொன்னது இழப்பே இல்லாத லைன். இழப்பை எப்படிச் சேர்ப்பது? டாமெல் வழி எளிமையானது: மொத்த ரெசிஸ்டன்ஸில் பாதியை நடுவிலும் கால் பங்கை ஒவ்வொரு முனையிலும் வைத்துவிடுவது. சர்ஜ் இம்பிடன்ஸோடு ஒப்பிட்டால் ரெசிஸ்டன்ஸ் சிறியது என்பதால் இது ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வேலை செய்யும்.

"சார், பை மாடல் இருக்கு, பெர்ஜரான் இருக்கு, ஃப்ரீக்வன்சி டிபெண்டன்ட் இருக்கு. எதைப் போடறது?" என்று எங்கள் குழுவில் ஒரு பெண் கேட்டார். "எர்த் ஃபால்ட் பாக்கப் போறியா, இல்லையாம்மா?" என்று திருப்பிக் கேட்டேன். ஃப்ரீக்வன்சி டிபெண்டன்ட் என்றால் லைனின் மதிப்புகள் அலைவெண்ணோடு மாறுவதைக் கணக்கில் எடுக்கும் மாடல்; எர்த் ஃபால்ட் என்றால் கம்பியிலிருந்து தரைக்குக் கரண்ட் பாயும் கோளாறு. எல்லாம் தரையைப் பொறுத்த விஷயம். மூன்று ஃபேஸ் கம்பிகளுக்கு இடையே மட்டும் கரண்ட் போய் வந்தால் அலை கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், அதிகம் தேயாமல் ஓடும். ஆனால் மூன்று கம்பியிலும் ஒரே திசையில் போய், தரை வழியே திரும்பும் அலை ஒன்றும் உண்டு. தரை நல்ல கடத்தி இல்லை. அந்த அலை தாமதமாகவும், தேய்ந்தும், முனை மழுங்கியும் வந்து சேரும்.

எவ்வளவு ஆழத்தில் கரண்ட் திரும்புகிறது என்பது அலைவெண்ணைப் பொறுத்தது. 100 ஓம்-மீட்டர் என்ற அளவில் தடை உள்ள மண்ணில், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 700 மீட்டர் ஆழம் வரை பரவும். அதே மண்ணில் 5,000 ஹெர்ட்ஸ் கரண்ட் 70 மீட்டரைத் தாண்டி அவ்வளவாக இறங்காது. வழி குறுகக் குறுக ரெசிஸ்டன்ஸ் ஏறும், இண்டக்டன்ஸ் இறங்கும். லைனின் ரெசிஸ்டன்ஸ் இத்தனை, இண்டக்டன்ஸ் இத்தனை என்று ஒரே ஓர் எண் சொல்வதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. எந்த அலைவெண்ணில் என்று கேட்க வேண்டும். கார்சன் 1926-ல் இதற்கான கணக்கைக் கொடுத்துவிட்டார். டவரின் வடிவம், கம்பிகளின் உயரம், மண்ணின் தடை மூன்றும் தெரிந்தால் எந்த அலைவெண்ணுக்கும் லைனின் மதிப்புகளைக் கண்டுபிடிக்கலாம்.

சங்கடம் இங்கேதான். கார்சன் தருவது அலைவெண்ணில். நமக்கு வேண்டியது நேரத்தில். அலைவெண் வழியில் பெருக்கல் என்பது நேரவழியில் கன்வல்யூஷன் ஆகும். அதாவது, ஒவ்வொரு படியிலும் தொடக்கம் முதல் இதுவரை நடந்த எல்லாவற்றையும் எடுத்து, எடை போட்டு, திரும்பக் கூட்ட வேண்டும். படி ஏற ஏறக் கணக்கும் ஊதிக்கொண்டே போகும். 1970-களின் கணினிகளால் இதைச் சுமக்க முடியவில்லை. 1975-ல் டொரன்டோவின் ஆடம் செம்லியனும் டபுலேயனுவும் ஒரு வழி கண்டார்கள். அந்த எடைகளை அடுக்குக்குறியாகத் தேயும் சில வளைவுகளின் கூட்டலாக எழுதிவிட்டால், போன படியின் விடையை ஓர் எண்ணால் பெருக்கி, புதிதாக வந்ததைக் கூட்டினால் இந்தப் படியின் விடை வந்துவிடும். பழைய வரலாறு முழுவதும் ஒரே எண்ணில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும்.

அதன்பின் கேள்வி, அந்த வளைவுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதாக மாறியது. வான்கூவரில் டாமெலின் பரம்பரையில் வந்த மார்ட்டி 1982-ல் செய்த மாடல் இன்றும் பல மென்பொருள்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. பயண நேரத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டு, மிஞ்சும் தேய்மானத்தையும் மழுங்கலையும் மட்டும் வளைவுகளால் பொருத்தினார். மேல்நிலை லைன்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். கேபிள்களில் அலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் மேட்ரிக்ஸே அலைவெண்ணோடு வெகுவாக மாறும் என்பதால் தடுமாறும். 1999-ல் நார்வேயின் பியோர்ன் குஸ்டவ்சென், செம்லியனோடு சேர்ந்து வெக்டர் ஃபிட்டிங் என்ற பொருத்தும் முறையைக் கொடுத்தார். அதே ஆண்டில் மார்ச்சட், குஸ்டவ்சென், தார்தீபி மூவரும் அதை வைத்து அலைகளைப் பிரிக்காமலே, ஃபேஸ் மதிப்புகளிலேயே இயங்கும் பொது மாடலை வெளியிட்டார்கள். ஃப்ரீக்வன்சி டிபெண்டன்ட் என்று மெனுவில் சொடுக்கும்போது பெரும்பாலும் இவர்கள் உழைப்பைத்தான் சொடுக்குகிறோம்.

பொருத்தம் திரையில் அழகாகத் தெரிந்தாலும் ஒரு ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கலாம். ஏதோ ஓர் அலைவெண்ணில் மாடல் ஆற்றலை இழப்பதற்குப் பதில் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். கம்பி தானாக மின்சாரம் தயாரிக்காது. ஆனால் கணித மாடல் தயாரிக்கும். இரண்டு நொடி ஒழுங்காக ஓடிய சிமுலேஷன் திடீரென்று கோடி வோல்ட்டுக்குப் பறக்கும். நேர்மின்சார ஆய்வுகளில் மிகத் தாழ்ந்த அலைவெண்களில் பொருத்தம் பிசகினால் வோல்டேஜே கொஞ்சம் தள்ளி நிற்கும். இவற்றைச் சரிபார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது.

மாடல் எவ்வளவு நுட்பமானாலும், பதிலைப் புரட்டிப்போடும் விஷயம் பல நேரம் வெளியே இருக்கும். லைனில் தங்கிவிட்ட சார்ஜ் அப்படி ஒன்று. லோடு இல்லாத லைனைத் துண்டிக்கும்போது கரண்ட் பூஜ்யமாகும் கணத்தில் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். அந்த வோல்டேஜ் அப்படியே லைனில் தங்கிவிடும். ஒரு நொடிக்குள் பிரேக்கர் தானாகத் திரும்ப மூடுகிறது. லைனில் எதிர்க்குறி உச்சம் இருக்க, மூலம் நேர்க்குறி உச்சத்தில் இருந்தால் வோல்டேஜ் தாவும் அளவு உச்சத்தைப் போல இரண்டு மடங்கு. மறுமுனையில் அது நான்காகி, தங்கியிருந்த ஒன்று கழிந்து, மூன்று மடங்கு நிற்கும். 420 கிலோவோல்ட் வரை இயங்கக்கூடிய அமைப்பில் அது 1,029 கிலோவோல்ட். அந்த வகுப்புக் கருவிகள் ஸ்விட்சிங் அலைக்குத் தாங்கும் வழக்கமான அளவு 1,050. இடைவெளியே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால்தான் நீண்ட லைன்களில் பிரேக்கர் மூடும்போது சுமார் 400 ஓம் ரெசிஸ்டரை முதலில் நுழைத்து, பிறகு விலக்குகிறார்கள். 300 ஓம் லைனுக்குள் அப்போது 43 சதவீத அலைதான் புகும். சர்ஜ் அரெஸ்டர்களும் உச்சியை வெட்டும். பிரேக்கரின் மூன்று ஃபேஸ்களும் எந்தக் கணத்தில் மூடும் என்பது நம் கையில் இல்லை என்பதால், மூடும் நேரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து 100, 200 முறை ஓட்டி, வரும் உச்சங்களின் பரவலைப் பார்ப்பது வழக்கம். ஒரே ஒரு ஓட்டத்தின் படத்தை ஒட்டி 'அதிகபட்சம்' என்று எழுதிய அறிக்கையைக் கண்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கெல்லாம் உயிரோடு இருக்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கர் முதல் தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ±800 கிலோவோல்ட் நேர்மின்சார லைனில், அந்த முனையில் நடந்தது இந்த முனைக்குத் தெரிய ஆறு மில்லி நொடிக்கு நெருக்கமாகும். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட் பாதை இன்னும் சுவையானது. பெரும்பகுதி டவர்களில் போய், கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடி கேபிளாகிறது. மேல்நிலைக் கம்பிக்குப் பொதுவாக 300 ஓம், கேபிளுக்கு 30 ஓம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கம்பியில் வந்த மின்னல் அலை கேபிளுக்குள் நுழையும்போது 18 சதவீதமாகச் சுருங்கிவிடும். நிம்மதி என்று தோன்றும். ஆனால் கேபிளுக்குள்ளிருந்து கம்பிக்கு வெளியேறும் அலை 182 சதவீதமாகும், கேபிளுக்குள்ளேயே திரும்பும் அலையும் 82 சதவீதம் இருக்கும். உள்ளே புகுந்தது இரு முனையிலும் மோதி மோதி ஏணி போல ஏறும். அந்த ஏற்றம் எங்கே நிற்கும் என்பதைக் கேபிளின் உலோக உறையில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஆகவே இங்கே ஃப்ரீக்வன்சி டிபெண்டன்ட் மாடலைத் தவிர வேறு எதையும் நான் நம்பமாட்டேன்.

இதே கணக்கைத் தலைகீழாக ஓட்டினால் ஃபால்ட் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். ஃபால்ட் விழுந்த இடத்திலிருந்து இரு பக்கமும் அலை புறப்படும். இரு முனைகளிலும் ஜிபிஎஸ் கடிகாரம் வைத்து, அலை வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால், நேர வித்தியாசத்திலிருந்து தூரம் வரும். ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 150 மீட்டர்தான் பிசகும். 400 கிலோவோல்ட் டவர்களுக்கு இடையே சுமார் 400 மீட்டர் இருக்கும் என்பதால், லைன்மேன்களைக் காட்டுக்குள் எந்த டவருக்கு அனுப்ப வேண்டும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இதில் கம்பிகளுக்கு இடையே ஓடும் அலையைத்தான் பிடிக்க வேண்டும். தரை வழி அலை பின்னால் தேய்ந்து வந்து குழப்பும். ஆனால் மறுமுனைக் கடிகாரம் வேலை செய்யாத நாளில் அதே அலை கைகொடுக்கும். இரண்டு அலைகளும் ஒரே முனைக்கு எவ்வளவு இடைவெளியில் வந்தன என்பதை வைத்தே ஃபால்ட்டின் தூரத்தை ஓரளவு மதிப்பிடலாம். எவ்வளவு துல்லியமாக என்பது அந்தப் பகுதி மண்ணின் தடை நமக்கு எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதைப் பொறுத்தது. அதை மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.